வெளியிலிருந்து ஆதரவு

1

இத்தாலியில் ஆர்னோ ஆற்றங்கரையில், ஒரு தோல் தொழிற்சாலையின் சாய டிரம்முக்குப் பின்னால் ஒளிந்து நின்று தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தல் முடிவைப் பார்ப்பவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பெருமைக்குச் சொல்லவில்லை. அடர் பழுப்பாக வர வேண்டிய தோல் அன்று காலை கத்தரிக்காய் நிறத்தில் வெளியே வந்ததற்கு ஒரு காரணம் வேண்டுமே, அதற்காகச் சொல்கிறேன்.

நான் ஆறு மணி ஷிஃப்டுக்குள் நுழையும்போது ஊரில் உங்களுக்கு ஒன்பதரை. தபால் ஓட்டு எண்ணி முடித்து, முதல் சுற்றும் முடிந்து, டிவியில் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டத் தொடங்கியிருக்கும் நேரம். கைபேசியை ரப்பர் ஏப்ரனுக்குள் செருகி வைத்திருந்தேன். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். என்னோடு வேலை செய்யும் புரூனோ, "வயிறு சரியில்லையா, முனுசாமி?" என்று கேட்டான்.

முனுசாமி என் அப்பா. என் பெயர் ரவி. பாஸ்போர்ட் எடுத்தபோது அப்பா பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அரக்கோணத்தைத் தாண்டி ரயிலேறாத மனிதர், இறந்து இத்தனை வருஷம் கழித்து இத்தாலியில் வேலை செய்கிறார், வரி கட்டுகிறார், கரெண்ட் பில் வாங்குகிறார். நான் ஏதாவது தப்புச் செய்தால் சூப்பர்வைசர் "முனுசாமி" என்று கூப்பிட்டுத் திட்டுகிறார். சின்ன வயதில் அப்பா என்னைத் திட்டியதெல்லாம் இப்படி ஈடாகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

ஆம்பூர்க்காரன் எழுதுகிறான், பிரியாணி வரும் என்று காத்திருப்பவர்கள் மன்னிக்கவும். இது மீசை பற்றிய கட்டுரை.

எனக்கு எங்கேயும் ஓட்டு இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே நான் அந்நியன். அங்கே, வீடு வீடாக வந்து பட்டியலைச் சரிபார்த்தவர்கள் என் பெயரை எடுத்துவிட்டார்கள். "ஷிஃப்டட்னு எழுதிக்கினு போய்ட்டாங்கடா. நான் இன்னா பண்றது, நீ ஷிஃப்ட் ஆயிட்டதானே" என்றார் அண்ணன். நியாயம்தான். அப்படிப்பட்டவனுக்கு, ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஒரு ஓட்டுப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று ஏன் இப்படி அரிக்க வேண்டும்?

இந்த முறை காரணம் இருந்தது. அந்த முடிவை நம்பி என் அக்கா உட்கார்ந்திருந்தாள்.

2

எங்கள் வீட்டில் மூன்று பேர். மூத்தவர் சம்பத் அண்ணன், ஒரு தோல் ஷாப்பில் (பதனிடும் தொழிற்சாலையை ஊரில் அப்படித்தான் சொல்வோம்) தோலைக் காயவைக்கும் பிரிவுக்கு மேஸ்திரி. அடுத்தது கஸ்தூரி அக்கா. கடைசியில் நான். அக்காவைக் கட்டிய ஜெயவேலு மாமா ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அண்ணன் வீடும் அக்கா வீடும் ஒரே தெருவில் எதிரெதிரே. நடுவில் ரோடு, ரோட்டில் ஒரு ஸ்பீட் பிரேக்கர்.

அண்ணன் ஒரு பெரிய கட்சி, மாமா இன்னொரு பெரிய கட்சி. எந்தக் கட்சி என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் இந்த இடத்திலேயே எழுந்து போய்விடுவீர்கள்.

போன தேர்தலில் இருவரும் பந்தயம் கட்டினார்கள். எங்கள் பக்கத்தில் வழக்கமாகக் கட்டுகிற பந்தயம்தான்: தோற்றவன் பாதி மீசையை எடுத்துவிட்டு மூன்று நாள் நடமாட வேண்டும். மனிதர்கள் தேர்தலுக்கு ஏன் மயிரைப் பணயம் வைக்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை ஆச்சரியம். திரும்ப முளைத்துவிடும் என்ற தைரியமாக இருக்கலாம்.

மாமா தோற்றார். மாமாவின் மீசை சாதாரண மீசை இல்லை. அவர் தெருவில் திரும்பும்போது முதலில் மீசை திரும்பும், பிறகு அவர் திரும்புவார். அண்ணன், "வேணாம் மாப்ள, சும்மா வெளாட்டுக்குச் சொன்னது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மாமாவும் கேட்கவில்லை. சலூனுக்குப் போனார், வலது பக்கம் எடுத்தார், கடைத்தெரு வழியாக நிமிர்ந்தே நடந்து வந்தார். அண்ணன் எதிரே நின்று படம் எடுத்துக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டார்.

அதோடு போயிருக்கும். அங்கேதான் நான் நுழைந்தேன். நானிருப்பது பைசா நகரத்திலிருந்து ரயிலில் அரை மணி நேரத் தூரம். சாய்ந்த கோபுரத்தைப் பார்த்தாயா என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. அந்தக் கோபுரத்தின் படத்தை மாமாவின் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி, கீழே எழுதினேன்: "இது முழுப் பைசா. இது அரைப் பைசா."

குழுவில் நாற்பது பேர் சிரித்தார்கள். அண்ணி அழுது சிரிக்கும் பொம்மைகளை வரிசையாகப் போட்டாள். அரைமணி நேரம் நான் உலகத்திலேயே பெரிய நகைச்சுவையாளன். யாரோ அதைக் கம்பெனிக் குழுவுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் தையல் பிரிவில் இருக்கும் பெண்கள் முதல் கேட்டில் நிற்கும் வாட்ச்மேன் வரைக்கும் மாமாவின் பெயர் அரைப் பைசா. மீசை மூன்றே வாரத்தில் முளைத்துவிட்டது. பெயர் போகவில்லை. இருபத்தெட்டு வருஷம் ஒரே கம்பெனியில் கத்தி பிடித்த மனிதர், ஒரு தோலைத் தொட்டதும் எத்தனை ஜோடி வரும் என்று சொல்லக்கூடியவர், செல்லாத ஒரு காசாக ஆகிப்போனார்.

மாமா குழுவை விட்டு வெளியேறினார். அண்ணன் வீட்டுப் பக்கம் திரும்புவதையும் நிறுத்தினார். அண்ணனும் முறைத்துக்கொண்டார். ஐந்து வருஷமாக இரண்டு வீடும் எதிரெதிரே கதவைச் சாத்திக்கொண்டு இருக்கின்றன. "நான் படந்தான் புடிச்சேன், எழுதனது நீ" என்பார் அண்ணன். "நான் எழுதத்தான் செய்தேன், பிடித்தது நீங்கள்" என்பேன் நான். எங்கள் இருவருக்கும் இடையே இது ஒரு நல்ல கூட்டணி. மாமாவை ஒருமுறைகூட நான் கூப்பிடவில்லை. ஒரு மனிதனை ஐந்து வருஷம் கூப்பிடாமல் இருப்பது எத்தனை சுலபம் என்பது வெளிநாட்டுக்கு வந்தவனுக்குத்தான் தெரியும். யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். நேர வித்தியாசம் என்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள்.

இப்போது அக்கா மகள் மகாவுக்குக் கல்யாணம். தாய்மாமன் இல்லாமல் எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணும் மணையில் உட்காரமாட்டாள். முதல் பத்திரிகையே தாய்மாமன் வீட்டுக்குத்தான் போக வேண்டும். யார் முதலில் எதிர்வீட்டு வாசலை மிதிப்பது என்று இரண்டு பேரும் விறைத்துக்கொண்டு நின்றதில், அக்காவே ஒரு ஒப்பந்தம் போட்டாள். அதைத் தேர்தலுக்கு முன்பே எனக்குப் போனில் சொன்னாள்:

"இந்த தபா யாரு கட்சி ஆட்சிக்கு வருதோ, அவுங்க வூட்டுக்கு தோத்தவரு போவணும். ரெண்டு பேரும் சரின்னுட்டாங்க. முடிவு வந்தா ஒரு வழி பொறந்துடும்டா."

"நீ யாருக்குக்கா போடப்போற?"

"உங்களுக்கெல்லாம் கட்சி இருக்குது. எனக்கு இன்னாடா இருக்குது? ஒரு அண்ணன், ஒரு தம்பி. யாரு ஜெயிச்சா இன்னா. யாராவது ஒருத்தர் தோத்தா போதும்."

ஓட்டுப் போடும் காரணங்களில் இதைவிட நேர்மையானதை நான் கேட்டதில்லை.

3

யாரும் தோற்கவில்லை.

அதாவது, எல்லோரும் தோற்றார்கள். இங்கே பத்து மணி ஆகும்போது நிலைமை தெளிவாகிவிட்டது. இரண்டு பெரிய கட்சிக்கும் பெரும்பான்மை இல்லை. நடுவில் ஒரு சின்னக் கட்சி கையில் சில இடங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பெரியவர்கள் இருவரும் அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிவிக்காரர்கள் 'தொங்கு சட்டசபை' என்ற வார்த்தையை எடுத்துவிட்டார்கள்.

என் முகம் போன போக்கைப் பார்த்து புரூனோ டிரம்மை நிறுத்திவிட்டு வந்தான். நல்ல மனிதன். நான் இங்கே வந்த புதிதில் மொழி தெரியாமல் தடுமாறியபோது பார்த்துக்கொண்டவன். தோலுக்கு இத்தாலியனில் 'பெல்லே'. முதல் மாதம் முழுக்க நான் 'பல்லே' என்று சொல்லி, எத்தனை கிலோ, எவ்வளவு மிருது என்று ஆண்களிடமும் பெண்களிடமும் விசாரித்துக்கொண்டிருந்தேன். அது ஆண்களின் ஓர் உறுப்பு. குடும்பத்தோடு படிப்பீர்கள், இதற்கு மேல் சொல்லமாட்டேன். அதைத் தனியாக அழைத்துச் சொன்னவன் புரூனோதான்.

அவனுக்கு விளக்க வேண்டும் என்று தோன்றியது. தொங்கு என்பதற்கு இத்தாலியனில் ஒரு வார்த்தை தேடினேன், கிடைத்தது. "எங்கள் மாநிலத்துச் சட்டசபை இம்பிக்காத்தோ" என்றேன்.

புரூனோ மார்பில் சிலுவை போட்டுக்கொண்டான். "எல்லாரையுமா?"

"எல்லாரும்தான்" என்றேன். "இருநூற்று முப்பத்து நாலு பேரும்."

"யார் செய்தது?"

"மக்கள்தான். ஓட்டுப் போட்டு."

"இங்கேயும் அப்படிச் செய்யலாம்" என்றான், ஏக்கத்தோடு.

இம்பிக்காத்தோ என்றால் தூக்கில் போடப்பட்டது என்று அர்த்தமாம். தொங்கவிட்ட துணிக்கு, தோலுக்கு வேறு வார்த்தை. அதைக் கண்டுபிடிப்பதற்குள் செய்தி பேக்கிங் பிரிவு வரைக்கும் போய்விட்டது. அடுத்த இரண்டு நாள் என்னிடம் எல்லோரும் மரியாதையாகப் பேசினார்கள்.

4

சாப்பாட்டு இடைவேளையில் அண்ணனைக் கூப்பிட்டேன்.

"இன்னா அண்ணா, தொங்குதாமே."

"தொங்கட்டுமே" என்றார். தொழில் பேச்சு வந்ததும் அவர் குரலில் ஒரு தெம்பு வந்துவிடும். "தொங்கனா காயணும். ஈரத்தோட எறக்கனா பூஞ்ச புடிச்சிடும். கவர்னரு கூப்டுவாரு, அவன் பேசுவான், இவன் பேசுவான். இன்னா அவசரம்?"

"அக்கா வீட்டுக் கல்யாணம் இருக்குதே."

"அதுக்கு நான் இன்னாடா பண்றது? ஒப்பந்தம்னா ஒப்பந்தம். நம்ம கட்சி ஒண்ணும் தோக்கல. ஜாஸ்தி எடம் நம்மளுதுதான்."

"மாமா கட்சிக்கு ஜாஸ்தி ஓட்டுன்னு சொல்றாங்களே."

"ஓட்ட வெச்சிக்கினு ஊறுகா போடச் சொல்லு."

காயவைக்கும் வேலையில் எனக்கும் கொஞ்சம் அனுபவம் உண்டு. அண்ணனிடம் கற்றதுதான். அதனால் கேட்டேன்: "ரொம்ப நாள் தொங்கவிட்டா தோல் இன்னா ஆவும் அண்ணா?"

பின்னால் ஏதோ மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"பலகையா ஆயிடும்" என்றேன் நானே. "அஞ்சு வருஷமா தொங்குது."

"போன வை. ஷாப்புல லோடு வந்துக்குது" என்றார்.

அடுத்து அக்காவைக் கூப்பிட்டேன். அவள் குரலில் அழுகை இல்லை. அது இருந்திருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும். காலையிலிருந்து டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாளாம். தேர்தல் கமிஷன் ஆள்போல விவரமாகப் பேசினாள்.

"சின்னக் கட்சிக்காரன் செயற்குழு கூட்டித்தான் சொல்லுவானாம்டா. எப்பன்னு தெரியாதாம். எனக்கு வர்ற வெள்ளிக்கெழம பத்திரிக அடிக்கக் குடுத்தே ஆவணும். அத வுட்டா பொடவ எடுக்க, லாங் பஜாருக்குப் போவ, ஒண்ணுத்துக்கும் நாள் இல்ல. தாய்மாமன் பேர எழுதறதா, வுடறதான்னு பிரஸ்காரன் கேக்கறான். உங்க மாமாவக் கேட்டா, முடிவு வரட்டும்ங்கறாரு. இன்னாடா முடிவு? அவுங்க கட்சி ஆபீஸ்ல இருக்கறவனுக்கே தெரியாத முடிவு எனக்கு எப்பிடிடா தெரியும்?"

"கொஞ்சம் பொறுக்கா..."

"ஒருத்தர் தோத்தா போதும்னு சாமிகிட்ட வேண்டினேன். ரெண்டு பேரும் தோத்துட்டாங்க. நான் வேண்டனது ஜாஸ்தியாயிடுச்சி போல."

5

என் மகள் இனியா இங்கேயே பிறந்தவள். இன்னும் சில மாதத்தில் பதினெட்டு. அதற்கு முந்தின வாரம் நகராட்சி அலுவலகத்திலிருந்து அவள் பெயருக்கு ஒரு கடிதம் வந்திருந்தது: பதினெட்டு முடிந்த ஒரு வருஷத்துக்குள் வந்து விருப்பம் என்று சொன்னால் இத்தாலியக் குடிமகள் ஆகலாம். ஒரு கையெழுத்து. நான் இத்தனை வருஷமாக முத்திரைத் தாளும் நகல்களும் நகல்களின் நகல்களுமாக வரிசையில் நின்று வாங்கியதெல்லாம் இங்கே தங்கிக்கொள்ள ஓர் அட்டை மட்டும். அவளை வாசலுக்கு வந்து கூப்பிடுகிறார்கள்.

அந்தக் கடிதம் மேஜையிலேயே கிடந்தது. நானும் என் மனைவி தேவியும் அதைச் சுற்றி நடந்தோம். ஒருவரும் பேச்சை எடுக்கவில்லை. எங்கள் வீட்டிலும் ஒரு செயற்குழு கூட வேண்டியிருந்தது.

அன்று சாயங்காலம் தொங்கு சட்டசபையை இனியாவுக்கு விளக்கினேன். அவள் பாஸ்தாவைச் சுற்றிக்கொண்டே கேட்டாள். அவளுடைய தமிழ் நல்ல தமிழ்தான். அணைக்கட்டு என்ற ஊரிலிருந்து தேவி கொண்டுவந்த தமிழ் அது. ஆனால் சந்தேகம் வந்தால் எழுத்துத் தமிழுக்குத் தாவிவிடும்.

"இங்கே எப்பவும் அப்படித்தானே அப்பா. பெரியவங்க ரெண்டு பேர் சண்டை போடுவாங்க. சின்னவன் காபி குடிச்சிக்கினு உக்காந்திருப்பான். கடைசியில ரெண்டு பேரும் அவன்கிட்டதான் வருவாங்க."

"ஆமாம்மா."

"மாமா கோபம் பெரியப்பா மேலயா, உங்க மேலயா?"

"ரெண்டு பேர் மேலயும்தான்."

"பாதி மீசை மூணு நாள்ல முடிஞ்சிடுச்சி. அந்தப் பேரு முடியல. பேரு வெச்சது யாரு?"

தேவி என்னைப் பார்த்தாள். நான் உப்பைத் தேடினேன்.

"அப்போ அந்தச் சின்னக் கட்சி நீங்கள்தானே" என்றாள் இனியா எழுத்துத் தமிழில். தண்ணீர் குடித்துவிட்டு, "அவங்க முடிவு சொல்லணும்னு எல்லாரும் காத்துக்கினு இருக்காங்க. அவங்க டிவி பாத்துக்கினு இருக்காங்க" என்று முடித்தாள்.

இந்தப் பெண்ணுக்கு ஓட்டுரிமை கொடுக்கலாம் என்று அந்த நிமிஷம் தோன்றியது. எந்த நாடு வேண்டுமானாலும் கொடுக்கட்டும்.

6

அன்று திங்கட்கிழமை, இங்கே முடிவெட்டும் கடைகளுக்கு விடுமுறை. அதனால் மறுநாள் ஷிஃப்ட் முடிந்து போனேன். என் மீசை மாமாவின் மீசையைப்போல இல்லை. இருக்கிறது என்று சொன்னால்தான் தெரியும். ஆனால் இருபத்தைந்து வருஷமாக என்னோடு இருக்கிறது.

"பாதி எடுங்கள்" என்றேன். கடைக்காரர் அடர்த்தியில் பாதியைக் குறைத்தார். "இல்லை, பாதி" என்றேன். நீளத்தில் பாதியைக் குறைத்தார். இப்படியே போனால் மொத்தமும் போய்விடும் என்று பயந்து, மூக்குக்குக் கீழே விரலை நட்டு வைத்து, இடது பக்கம் வேண்டாம், வலது பக்கம் இருக்கட்டும் என்று சைகை காட்டினேன்.

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "மனைவியோடு சண்டையா?"

"அக்கா கணவரோடு."

இத்தாலியர்களுக்குக் குடும்பம் என்றால் புரியும். மேற்கொண்டு கேள்வி கேட்காமல் எடுத்துவிட்டார்.

கடை வாசலிலேயே ஒரு படம் எடுத்து மாமாவின் எண்ணுக்கு அனுப்பினேன். என்ன எழுதுவது என்று வெகுநேரம் நின்றேன். தமாசாக நாலு வாக்கியம் எழுதி, நாலையும் அழித்தேன். கடைசியில் இதுதான் போனது: "மாமா, அந்த வார்த்த எழுதனது நான்தான். அண்ணன் படம் மட்டும்தான் புடிச்சாரு. அன்னிக்கே கூப்ட்டு மன்னிப்பு கேட்டிருக்கணும். நானும் மூணு நாள் இப்படித்தான் இருக்கப்போறேன். அரைப் பைசா நான்தான்."

இரண்டு நீலக் கோடும் உடனே விழுந்தன. பார்த்துவிட்டார். பதில் இல்லை.

வீட்டில் தேவி கதவைத் திறந்தாள், பார்த்தாள், மூடினாள். மறுபடி திறந்தாள்.

"நாளிக்கு இன்னா நாளு தெரியுமா?"

"புதன்."

"உன் அட்ட புதுப்பிக்கறதுக்கு போலீஸ் ஆபீசுல கூப்ட்டிருக்கற நாளு. எட்டு மாசமா காத்துக்கினு இருந்த நாளு. இந்த மூஞ்சிய வெச்சிக்கினா போவப்போற?"

மறந்தே போயிருந்தேன். மீதியையும் எடுத்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் மூன்று நாள் என்று எழுதி அனுப்பியாகிவிட்டது. மாமா அந்த மூன்று நாளும் வேலைக்குப் போனார், முந்நூறு பேர் முன்னால் நின்றார், லீவு போடவில்லை. ஐந்து வருஷத்தில் முதல்முறையாக அந்த மூன்று நாளை நாள் நாளாக எண்ணிப் பார்த்தேன்.

போலீஸ் அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மாள், நான் கொடுத்த படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இது யார், சின்யோர் முனுசாமி?"

"நான்தான்."

"மீசை?"

"பாதி."

"மதக் காரணமா?" தலைப்பாகை, முக்காடு இதற்கெல்லாம் தனி விதி இருக்கிறதாம். கையில் பேனாவோடு காத்திருந்தாள்.

"இல்லை. தேர்தல்."

அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. "வலதா, இடதா?"

"இடது போய்விட்டது" என்றேன், மூக்குக்குக் கீழே தொட்டுக் காட்டி. "வலது நிற்கிறது."

"இங்கேயும் அப்படித்தான்" என்று பெருமூச்சு விட்டாள். ஆனால் விதி விதிதான்: படம் இப்போதைய முகத்தோடு ஒத்துப்போக வேண்டும். கீழே இருக்கும் பெட்டியில் காசு போட்டுப் புதிதாக எடுத்து வரச் சொன்னாள். எடுத்துவந்தேன். அதை அட்டையில் ஏற்றினார்கள். பத்து வருஷம் செல்லும்.

மாமாவிடமிருந்து அன்றும் பதில் இல்லை.

7

வியாழக்கிழமை ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும்போது அக்கா வீடியோவில் கூப்பிட்டாள். திரையில் முதலில் வானம் தெரிந்தது, பிறகு மின்கம்பம், பிறகு அக்காவின் மூக்கு.

"டேய், இங்க இன்னா நடந்துது தெரியுமா?"

"மெதுவா சொல்லுக்கா."

"ரெண்டு நாளா உங்க மாமா போன எடுத்து எடுத்து பாக்கறாரு, வெச்சிடறாரு. இன்னான்னு கேட்டா ஒண்ணும் இல்லங்கறாரு. நேத்து பாத்ரூமுல தனியா சிரிக்கற சத்தம் கேட்டுது. நான் பயந்துட்டேன். இன்னிக்கு இப்பத்தான், போன கையில புடிச்சிக்கினு, செருப்புகூட போடாம ரோட்டுல எறங்கிட்டாரு. எதிர்த்தாப்புல அண்ணன் கேட்டுகிட்ட வண்டி தொடைச்சிக்கினு இருந்தாரு. பாத்துட்டு அவரும் துணியோட வந்துட்டாரு."

"அப்புறம்?"

"உங்க மாமா போன நீட்டி, 'மச்சான், இதப் பாரு'ன்னாரு. அண்ணன் பாத்துட்டு, 'எவன் தோத்தான்னு இவன் செரைச்சிக்கினு கீறான்?'னு கேட்டாரு. 'அதான் மச்சான் எனக்கும் புரியல. ரெண்டு நாளா யோசிக்கிறேன்'னாரு இவரு. ரெண்டு பேரும் நின்னு யோசிக்கறாங்கடா. ஷேர் ஆட்டோக்காரன் ஆரன் அடிக்கறான், நவுர மாட்டேங்கறாங்க."

"யாரு வீட்டு வாசல்லக்கா?"

"வாசல்ல இல்லடா. ரோட்டுல. அந்த ஸ்பீட் பிரேக்கர் மேல."

அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. போனை யாரோ வாங்கினார்கள். திரை முழுக்க மீசை வந்தது, பிறகு மாமா வந்தார். நரைத்திருந்தார். ஐந்து வருஷம் என்பதை அப்போதுதான் பார்த்தேன்.

"டேய்."

"மாமா."

"எந்தப் பக்கம்டா எடுத்த?"

"எடது மாமா."

"நான் எடுத்தது வலது." திரைக்கு இன்னும் நெருங்கி வந்தார். "உன்னுதையும் என்னுதையும் ஒட்டினா ஒரு முழு மீச வரும்டா."

மூக்குக்குக் கீழே மிச்சமிருந்த பாதியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"கம்பெனியில இன்னமும் அப்பிடித்தான் கூப்பிடறானுங்க" என்றார். "வலிச்சிதுடா. இல்லன்னு சொல்ல மாட்டேன். இனிமே எவனாவது அரைப் பைசான்னா, எனக்கு இத்தாலியில ஒரு பிராஞ்ச் கீதுன்னு இந்தப் படத்தக் காட்டப்போறேன்."

பின்னாலிருந்து அண்ணன், "மாப்ள, முதல்ல ரோட்ட வுட்டு வா. வண்டிக்காரன் திட்டறான்" என்று சொல்வது கேட்டது. எந்தப் பக்கமாக வரச்சொன்னார் என்று தெரியவில்லை. அதில் இருவருக்கும் இன்றுவரை வழக்கு. மாமா முதலில் இறங்கினார் என்கிறார் அண்ணன். ஸ்பீட் பிரேக்கரை முதலில் மிதித்தது அண்ணன் என்கிறார் மாமா. அக்கா இரண்டு பேருக்கும் டீ கொடுத்துவிட்டு மறுநாள் பிரஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் ஒருவழியாக ஆட்சியும் அமைந்தது. யார் அமைத்தார்கள் என்பது ஊரிலிருக்கும் உங்களுக்குத் தெரியும். அந்தச் சின்னக் கட்சி மந்திரி பதவி வேண்டாம், வெளியிலிருந்து ஆதரவு தருகிறோம் என்று சொல்லிவிட்டதாம். அண்ணன் ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தார்: "நீயும் அந்தக் கட்சி மாதிரிதான்டா. உள்ளயும் வர மாட்ட, எங்கள வுடவும் மாட்ட."

மேஜைமேல் கிடந்த அந்த நகராட்சிக் கடிதத்தை எடுத்து இனியாவிடம் கொடுத்தேன். "இந்த வீட்டில் நீ சொல்வதுதான் முடிவு" என்றேன். "யோசித்துச் சொல்கிறேன்" என்றாள், எழுத்துத் தமிழில். யோசிக்கிறாள்.

போன வாரம் இரண்டு விஷயங்கள் வந்தன. ஒன்று, புது அட்டை. அதில் பாதி மீசையோடு ஒரு முனுசாமி முறைத்துக்கொண்டிருக்கிறார். இன்னொன்று, மகாவின் கல்யாணப் பத்திரிகை. குழுவில் போட்டது மாமா. திரும்பச் சேர்ந்த கையோடு குழுவின் முகப்பில் என் படத்தை வைத்துவிட்டார். பத்திரிகையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தாய்மாமன்மார் என்று போட்டு, மு. சம்பத், அதற்குக் கீழே மு. ரவி.

இத்தனை வருஷம் இத்தாலியில் உழைத்த அப்பா, ஒற்றை எழுத்தாகச் சுருங்கி, எங்கள் இருவர் பெயருக்கும் முன்னால் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

பிறகு போய் லீவுக்கு எழுதிக் கொடுத்தேன். இன்று காலை சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்ட தாள் வந்தது. முனுசாமிக்கு மூன்று வாரம் விடுமுறை.